பல மொழிகள் பேசுவதும் மூளை நலமும்

முன்னுரை

இரண்டு வயதாகியும் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்றால், வீட்டில் இரண்டு மொழிகள் பேசப்படுவதே அதற்குக் காரணம் என்று உற்றாரும் அக்கம்பக்கத்தாரும் கூறுவதுண்டு. அச்சொல்லை நம்பும் பெற்றோர் வீட்டு மொழியைக் கைவிட்டு, தங்களுக்கே சரளமாக வராத பள்ளி மொழியில் குழந்தையிடம் பேசத் தொடங்குகின்றனர். மற்றொரு புறம், பல மொழிகள் அறிந்தவர்களுக்கு முதுமையில் மறதிநோய் வராது என்ற செய்தியும் பரவி வருகிறது.

இவ்விரண்டு கருத்துகளும் சரியானவை அல்ல. பல மொழிகள் குழந்தையின் மூளையைக் குழப்புவதில்லை. பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதும் இல்லை. முதுமையில் அவை மூளைக்குத் துணை நிற்கக்கூடும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன; ஆயினும் அவை நோயைத் தடுக்கும் மருந்தாகா. ஆய்வுகள் இதுவரை கண்டறிந்தவற்றையும் குடும்பத்தினர் செய்ய வேண்டியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது.

இருமொழியாளர் என்பவர் யார்?

இரண்டு மொழிகளிலும் பிழையின்றி எழுதப் படிக்கத் தெரிந்தவர் மட்டுமே இருமொழியாளர் என்று பலர் கருதுகின்றனர். மருத்துவ ஆய்வாளர்கள் இச்சொல்லை இன்னும் விரிந்த பொருளில் ஆள்கின்றனர். அன்றாட வாழ்வில் இரண்டு மொழிகளில் பிறருடன் உரையாடித் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்பவர் இருமொழியாளரே. அவர் பள்ளிக்குச் சென்றிருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் ஒரு மொழியும் சந்தையில் வேறொரு மொழியும் பேசும் காய்கறி வியாபாரியும் இதில் அடங்குவார்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தாய்மொழியுடன் இன்னொரு மொழியேனும் தெரியும். எனவே இது படித்தவர்களுக்கோ நகரத்தாருக்கோ மட்டும் உரிய செய்தி அன்று.

மூளை இரண்டு மொழிகளை எவ்வாறு கையாளுகிறது?

மூளையில் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி அறை இருப்பதாக எண்ணுதல் தவறு. பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கத்தில் அமைந்துள்ள மொழிப் பகுதிகளே, அவர்கள் அறிந்த எல்லா மொழிகளுக்கும் பொதுவாகப் பயன்படுகின்றன.

இருமொழியாளர் ஒருவர் பேசும்போது, அவருடைய இரண்டு மொழிகளும் ஒரே நேரத்தில் விழிப்புடன் உள்ளன. 'தண்ணீர்' என்று சொல்ல முற்படும்போதே, மற்றொரு மொழியில் அதற்குரிய சொல்லும் மனத்தின் வாயிலில் வந்து நிற்கிறது. கேட்பவருக்கு எந்த மொழி தெரியும் என்பதை உணர்ந்து, வேண்டிய சொல்லை வெளிவிட்டு, வேண்டாத சொல்லை மூளை தடுத்து நிறுத்த வேண்டும். மூளையின் நெற்றிப் பகுதியும், மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகள் எனப்படும் நரம்புத் திரள்களும் இணைந்து இப்பணியைச் செய்கின்றன. கவனத்தை ஒருமுகப்படுத்துதல், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல் ஆகியவற்றிலும் இப்பகுதிகளுக்குப் பங்கு உண்டு.

இத்தேர்வு ஒவ்வொரு நாளும் எண்ணற்ற முறை நிகழ்கிறது. பேசுபவர் அதனை உணர்வதில்லை. இப்பழக்கம் மூளையின் அமைப்பிலும் தடம் பதிக்கிறது. இரண்டாம் மொழி அறிந்தோரின் மூளையில், இடப்பக்கப் பக்கவாட்டுப் பகுதியின் கீழ்ப்புறத்தில் சாம்பல் நிறப் பொருளின் அடர்த்தி மிகுந்திருப்பதாக 2004ஆம் ஆண்டில் லண்டன் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். அம்மொழியை இளம் வயதிலேயே கற்றவர்களிடத்தும், அதில் மிகுந்த தேர்ச்சி பெற்றவர்களிடத்தும் இவ்வடர்த்தி கூடுதலாகக் காணப்பட்டது.

இதற்குச் சிறிய விலையும் உண்டு. ஒரு மொழியை மட்டும் எடுத்துக்கொண்டு அளந்தால், இருமொழியாளருக்கு அம்மொழியில் தெரிந்த சொற்கள் சற்றுக் குறைவாக இருக்கலாம். சொல் நாவின் நுனியில் நின்று வெளிவராத நிலையும் அவர்களிடம் சற்று மிகுதி. இவை இயல்பானவை, நோயின் அறிகுறிகள் அல்ல.

பழைய அச்சம் எங்கிருந்து வந்தது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவுத்திறன் தேர்வுகள் நடத்தப்பட்டன. ஆங்கிலம் நன்கு தெரியாத அக்குழந்தைகள் குறைந்த மதிப்பெண் பெற்றனர். இரண்டு மொழிகள் அறிவை மழுங்கச் செய்கின்றன என்ற முடிவு இதிலிருந்து எழுந்தது. குடும்பத்தின் வறுமையும் தேர்வு நடந்த மொழியும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

1962ஆம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரீல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் ஆகிய இருவரும் இக்குறையைக் களைந்து ஆய்வு செய்தனர். ஏறத்தாழ ஒத்த பொருளாதார நிலையில் உள்ள, பத்து வயதுக் குழந்தைகளை அவர்கள் ஒப்பிட்டனர். பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய இரண்டும் அறிந்த குழந்தைகள், பிரெஞ்சு மட்டும் அறிந்த குழந்தைகளைவிடத் தேர்வுகளில் சிறந்து விளங்கினர். அறிவியல் உலகில் பழைய அச்சம் அத்துடன் தளர்ந்தது. மக்களிடையே அது இன்றும் முற்றிலும் நீங்கவில்லை.

குழந்தைகளும் பல மொழிகளும்

பச்சிளங்குழந்தை கருவிலேயே தாயின் மொழியின் ஓசை நயத்தைக் கேட்டுப் பழகுகிறது. கருவுற்றிருந்த காலத்தில் ஆங்கிலமும் தகலாகு மொழியும் பேசிய தாய்மார்களின் குழந்தைகளைக் கனடா ஆய்வாளர்கள் ஆராய்ந்து, அதன் முடிவை 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிறந்து சில நாள்களே ஆன அக்குழந்தைகள் இரண்டு மொழிகளிலும் ஆர்வம் காட்டின. அதே வேளையில் இரண்டையும் வேறுபடுத்தியும் அறிந்தன. குழந்தையின் மூளை பல மொழிகளை எதிர்கொள்ள ஆயத்தமாகவே உள்ளது என்பதை இது உணர்த்துகிறது.

இரு மொழிச் சூழலில் வளரும் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளைப் போலவே, ஏறத்தாழ ஒரு வயதில் முதல் சொல்லையும் இரண்டு வயதிற்குள் இரு சொல் தொடர்களையும் பேசுகின்றனர். அவர்களுடைய சொல்வளத்தை அளக்கும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒரு மொழியில் 25 சொற்களும் மற்றொன்றில் 25 சொற்களும் சொல்லும் குழந்தைக்கு 50 சொற்கள் தெரியும். ஒரு மொழியை மட்டும் எண்ணினால், நலமாக வளரும் குழந்தையும் பின்தங்கியதாகத் தோன்றும்.

ஒரே தொடரில் இரண்டு மொழிச் சொற்களையும் கலந்து பேசுவது குழப்பத்தின் அடையாளம் அன்று. தனக்குத் தெரிந்த சொற்கள் அனைத்தையும் குழந்தை பயன்படுத்துகிறது என்பதே அதன் பொருள். பெரியவர்களும் அவ்வாறே பேசுகின்றனர்.

கேட்புத்திறன் குறைபாடு, வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம் ஆகியவை உள்ள குழந்தைகளுக்கும் இது பொருந்தும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளில், இருமொழிச் சூழல் அவர்களின் மொழி வளர்ச்சிக்குக் கூடுதல் தீங்கு விளைவித்ததாகத் தெரியவில்லை. மாறாக, பெற்றோர் தமக்கு இயல்பான மொழியைக் கைவிட்டால் வீட்டில் பேச்சே குறைந்துபோகும். தாலாட்டும் கதையும் கொஞ்சலும் தாராளமாக வரும் மொழியே குழந்தைக்குச் சிறந்த மொழி. பாட்டி, தாத்தாவுடன் குழந்தை உறவாடுவதும் அம்மொழியில்தான்.

இரு மொழிகளைக் காரணம் காட்டிக் காத்திருப்பதில் மற்றோர் ஆபத்தும் உள்ளது. உண்மையான காரணம் கேட்புத்திறன் குறைபாடாக இருக்குமாயின், சிகிச்சைக்கு உகந்த காலம் வீணாகிவிடும்.

முதுமையும் மறதிநோயும்: ஹைதராபாத் ஆய்வு

மறதிநோய் என்பது நினைவாற்றல், சிந்தனை, மொழி, அன்றாடச் செயல்திறன் ஆகியவை படிப்படியாகக் குன்றும் நிலையாகும். அல்சைமர் நோய் இதன் முதன்மையான வகை. மூளையின் இரத்தநாளங்கள் பாதிக்கப்படுவதாலும், மூளையின் நெற்றி மற்றும் பொட்டுப் பகுதிகள் சிதைவதாலும் வேறு வகைகள் ஏற்படுகின்றன.

இருமொழியாளர்களிடம் மறதிநோயின் அறிகுறிகள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தாமதமாகத் தோன்றுவதாகக் கனடாவின் டொரொண்டோ நகர ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் தெரிவித்தனர். ஆனால் அங்கு இருமொழியாளர்களில் பலர் வேற்று நாட்டிலிருந்து குடியேறியவர்கள். தாமதத்திற்குக் காரணம் மொழியா, குடியேற்றமா, கல்வியா என்ற வினா எழுந்தது.

இவ்வினாவுக்கு விடை தேட ஹைதராபாத் பொருத்தமான இடமாக அமைந்தது. அங்குத் தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம் ஆகியவை தெருவிலும் கடையிலும் பணியிடத்திலும் கலந்து ஒலிக்கின்றன. பிறந்த ஊரிலேயே வாழ்ந்துகொண்டு, பள்ளிக்குச் செல்லாமலேயே பல மொழிகள் பேசுவோர் அங்கு உள்ளனர். அந்நகரின் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி தலைமையிலான குழுவினர், மறதிநோய் கண்டறியப்பட்ட 648 பேரின் விவரங்களை ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்கள்.

ஒரு மொழி மட்டும் பேசியோரிடம் நோய் தொடங்கிய சராசரி வயது 61.1 ஆகவும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசியோரிடம் 65.6 ஆகவும் இருந்தது. அதாவது, நான்கரை ஆண்டுகள் வேறுபாடு. கல்வி, பாலினம், தொழில், நகரம் அல்லது கிராமத்தில் வாழ்தல் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் இவ்வேறுபாடு நீடித்தது. எழுதப் படிக்கத் தெரியாதோரை மட்டும் ஒப்பிட்டபோதும் பல மொழி பேசியோரிடம் நோய் தாமதமாகவே தொடங்கியிருந்தது. ஆகவே, கல்வியின் பயனை மட்டும் கொண்டு இத்தாமதத்தை விளக்க இயலாது. எனினும் இரண்டு மொழிகளுக்கு மேல் மூன்றோ நான்கோ அறிந்திருந்ததால் கூடுதல் பயன் கிடைத்ததாகத் தெரியவில்லை.

மறதிநோய் உள்ளவருக்கும் அவரைப் பேணும் குடும்பத்தாருக்கும் நான்கரை ஆண்டுகள் சிறிய காலம் அன்று. பேரக்குழந்தையின் பெயரை நினைவில் வைத்திருப்பதும், தம் பணிகளைத் தாமே செய்துகொள்வதும் அக்காலத்தில் இயலும்.

தாமதம் எதனால்?

நோய் மூளையைத் தாக்குவதை மொழிகள் நிறுத்துவதாகக் கருத இடமில்லை. 2012ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு டொரொண்டோ ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. அல்சைமர் நோயால் ஒரே அளவு செயல்திறன் குன்றியிருந்த இரு பிரிவினரின் சி.டி. ஸ்கேன் படங்கள் ஒப்பிடப்பட்டன. நினைவுக்குரிய பகுதிகளில், இருமொழியாளரின் மூளையே மிகுதியாகச் சுருங்கியிருந்தது. மிகுதியான சேதத்திற்குப் பின்னரும் அவர்கள் மற்றவர்களுக்கு இணையாகச் செயல்பட்டனர்.

மூளையின் இத்தாங்குதிறனை அறிவாற்றல் சேமிப்பு என்று ஆய்வாளர்கள் அழைக்கின்றனர். வழக்கமான சாலை அடைபட்டால், பல குறுக்குத் தெருக்கள் அறிந்தவர் எப்படியும் ஊர் போய்ச் சேர்வதை இதற்கு ஒப்பிடலாம். கல்வி, சிந்தனைக்கு வேலை தரும் தொழில், சமூக உறவுகள் ஆகியவையும் இச்சேமிப்பைப் பெருக்குகின்றன. பல மொழிப் பயன்பாடு அவற்றுள் ஒன்று.

இம்முடிவுகளின் எல்லைகள்

மேற்கண்டவை பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு செய்யப்பட்டவை. நோயில்லாத முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, இருமொழியாளருக்கு மறதிநோய் ஏற்படும் வாய்ப்புக் குறைவு என்பது உறுதிப்படவில்லை. கவனத்திறனில் இருமொழிக் குழந்தைகள் சிறந்து விளங்குவர் என்ற கருத்தும் கேள்விக்கு உள்ளாகியுள்ளது. அமெரிக்காவில் 9 முதல் 10 வயது வரையுள்ள 4,500க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் அத்தகைய மேம்பாடு காணப்படவில்லை.

ஆகவே, நோயின் அறிகுறிகள் தாமதமாகலாம் என்பதற்குச் சான்று உண்டு. நோய் வராது என்று கூறுவதற்கு இல்லை. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகையிலை, கேட்புத்திறன் இழப்பு, உடலுழைப்பின்மை ஆகியவற்றைக் கவனிப்பதற்கு மொழிப் பயிற்சி மாற்றாகாது.

பக்கவாதமும் பேச்சிழப்பும்

ஹைதராபாத் குழுவினர் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட 608 பேரையும் ஆராய்ந்தனர். பக்கவாதத்திற்குப் பின் சிந்தனைத் திறன் இயல்பாக இருந்தவர்கள் பல மொழியாளரில் 40.5 விழுக்காடு; ஒருமொழியாளரில் 19.6 விழுக்காடு. எனினும், பேச்சிழப்பு ஏற்படுவதில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

பேச்சிழப்பு என்பது மூளையின் மொழிப் பகுதிகள் பாதிக்கப்படுவதால் பேசவோ பிறர் பேசுவதைப் புரிந்துகொள்ளவோ இயலாத நிலை. பல மொழியாளருக்கு இது நேர்ந்தால் எந்த மொழி முதலில் திரும்பும் என்ற வினா பழைமையானது. முதலில் கற்ற மொழியே மிஞ்சும் என்று பிரான்சைச் சேர்ந்த ரிபோ கருதினார். நோய்க்கு முன் மிகுதியாகப் பயன்படுத்திய மொழியே முதலில் திரும்பும் என்று 1895ஆம் ஆண்டில் பித்ர் கூறினார். பெரும்பாலோருக்கு எல்லா மொழிகளும் ஏறத்தாழ ஒன்றாகவே மீள்கின்றன என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. சிலருக்கு மட்டும் ஒரு மொழி முந்தியும் மற்றொன்று பிந்தியும் திரும்பும். எனவே, நோயாளி ஒரு மொழியில் பேசாததைக் கண்டு, அவருக்குப் பேச்சே இல்லை என்று முடிவு செய்தல் கூடாது. அவர் அறிந்த ஒவ்வொரு மொழியிலும் பேசிப் பார்க்க வேண்டும்.

மறதிநோயாளியிடம் எந்த மொழியில் பேச வேண்டும்?

மறதிநோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி சிலருக்கு முதலில் மங்குகிறது. வேற்று மாநிலத்தில் பல்லாண்டுகள் பணியாற்றி அவ்வூர் மொழியைச் சரளமாகப் பேசியவர், இளமையில் பேசிய மொழிக்கே திரும்பலாம். கேட்பவருக்கு அம்மொழி தெரியுமா என்பதை அறிந்து பேசும் திறனும் குறையலாம். இதனைப் பிடிவாதம் என்று கொள்ளாமல், அவர் பேசும் மொழியிலேயே குறுகிய தொடர்களில், நிதானமாகப் பதிலளிக்க வேண்டும். அம்மொழி அறியாத பணியாளர் அவரைக் கவனித்துக்கொள்வாராயின், பசி, தண்ணீர், வலி, கழிப்பறை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை அவருக்குக் கற்றுக்கொடுத்தல் நன்று.

நினைவுத்திறன் பரிசோதனையும் முதியவருக்கு நன்கு தெரிந்த மொழியிலேயே நடைபெற வேண்டும். அறியாத மொழியில் கேட்கப்படும் வினாவுக்கு விடை சொல்லாமை மறதியாகக் கணக்கிடப்பட்டுவிடக் கூடாது. அவர் பேசும் மொழிகள், பள்ளிப் படிப்பு ஆகியவற்றை மருத்துவரிடம் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• பெற்றோர் தமக்கு இயல்பாக வரும் மொழியில் குழந்தையிடம் நாள்தோறும் நிறையப் பேசுதல் வேண்டும்.
• இரண்டாம் மொழியைத் தொலைக்காட்சி, கைப்பேசி வாயிலாக அன்றி, மனிதருடன் பழகும் வாய்ப்பின் மூலம் கற்பித்தல் நன்று. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை காட்டுதல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.
• குழந்தை மொழிகளைக் கலந்து பேசினால் கண்டிக்க வேண்டாம். சரியான தொடரைப் பெரியவர் இயல்பாகத் திருப்பிச் சொன்னால் போதும்.
• முதியோர் தாம் அறிந்த மொழிகளைத் தொடர்ந்து பேசும் சூழல் அமைய வேண்டும். புதிய மொழி கற்க விரும்பினால் வயது தடையன்று.

மருத்துவரை அணுக வேண்டியது எப்போது?

குழந்தைகள்: பெயர் சொல்லி அழைத்தாலோ ஓசை கேட்டாலோ திரும்பாமை, 12 மாதங்களில் மழலை ஒலிகளோ கைச்சைகையோ இல்லாமை, 16 மாதங்களில் எந்த மொழியிலும் ஒரு சொல்லும் இல்லாமை, 24 மாதங்களில் இரு சொல் தொடர் இல்லாமை, எந்த வயதிலாயினும் வந்த பேச்சு மறைதல். இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் காத்திருத்தல் கூடாது. முதலில் கேட்புத்திறன் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்கான சேவைகள் வழங்கப்படுகின்றன.

முதியோர்: ஒரே வினாவை மீண்டும் மீண்டும் கேட்டல், பழகிய இடத்தில் வழி தவறுதல், பணம் எண்ணுதல், சமைத்தல் போன்ற பழகிய பணிகளில் தடுமாறுதல், அறிந்த எல்லா மொழிகளிலும் சொற்கள் கிடைக்காமை.

உடனடி உதவி: திடீரென வாய் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். உடனே 108 எண்ணை அழைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டியிருப்பதால், ஒவ்வொரு நிமிடமும் இன்றியமையாதது.

நினைவில் கொள்க

குழந்தையின் பேச்சு தாமதமானால் வீட்டு மொழியை நிறுத்த வேண்டாம். காரணத்தைக் கண்டறியப் பரிசோதனை செய்யுங்கள். முதியவர் தம் இளமைக்கால மொழிக்குத் திரும்பினால் அவரைத் திருத்த வேண்டாம். அம்மொழியிலேயே அவருடன் பேசுங்கள்.